கண் மருந்தும் கம்பெனி லாபமும்

வயோதிகத்தில் பார்வை மங்குவது விதி என்று நம்மவர்கள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். விதியின்மேல் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் விழித்திரை நோய்கள் பலவற்றுக்கு இன்று சிகிச்சை ஏற்பட்டுவிட்டது. சிகிச்சை உண்டு என்று ஆனவுடனே, அது யாருக்குக் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற கேள்விகளும் கூடவே பிறந்துவிடுகின்றன. இக்கேள்விகளை ஒட்டி அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். வைத்தியர்கள் மாத்திரம் அறிந்திருக்க வேண்டிய சமாசாரமல்ல அது. பொக்கிஷப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று சட்டசபைகளில் வாதாடுகிறவர்களும், அவர்களுக்கு வோட்டளிக்கிறவர்களும் அறிய வேண்டியது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கண்ணின் பின்புறச் சுவரில் மெல்லிய காகிதம்போல் படிந்திருப்பது விழித்திரை. அதன் நடுவே ஒரு சிறு பகுதி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும், எதிரே வருகிறவர் இன்னார் என்று முகமறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் அச்சிறு பகுதியின் வேலை. வயதானவர்கள் சிலருக்கு இவ்விடத்தின் அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமற்றவை, நீரும் இரத்தமும் கசியும். கசிவு நீடித்தால் தழும்பு விழும். தழும்பு விழுந்தபின் நடுப்பார்வை திரும்புவதில்லை. நீரிழிவுக்காரர்களுக்கும், வேறு வழியாக, இதே இடத்தில் நீர் கோத்து வீக்கம் காண்கிறது. முன்னாளில் வைத்தியர் கையிலிருந்த ஆயுதம் லேஸர்ச் சூடு. அது கசியும் குழாயைச் சுட்டது; குழாயோடு விழித்திரையையும் சுட்டது. பிறகு வந்த சில சிகிச்சைகள் நோயின் வேகத்தைத் தணித்தனவேயன்றி, பெரும்பாலோருக்குப் போன பார்வையைத் திருப்பித் தரவில்லை.

இக்குழாய்களை வளரத் தூண்டுவது உடலிலேயே உண்டாகும் ஒரு புரதம். கலிபோர்னியாவில் ஜெனன்டெக் என்ற கம்பெனியில் வேலை பார்த்த நெப்போலியோனே பெர்ராரா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1989-ல் அதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். புற்றுநோய்க் கட்டியும் இதே புரதத்தின் உதவியால்தான் தனக்கு இரத்தம் வரவழைத்துக்கொள்கிறது. ஆகவே, அப்புரதத்தைக் கட்டிப்போடும் மருந்தொன்றைக் கம்பெனி தயாரித்தது. அதுதான் அவாஸ்டின். பெருங்குடல் புற்றுநோய்க்கு அதை உபயோகிக்க 2004 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்கார் அனுமதி அளித்தது. கண்ணுக்கென்று அதே கம்பெனி லூஸெண்டிஸ் என்ற வேறொரு மருந்தையும் தயாரித்து வந்தது. இரண்டும் ஒரே மூலத்தினின்று பெறப்பட்டவை. அவாஸ்டின் முழு மூலக்கூறு. லூஸெண்டிஸ் அதில் ஒரு துண்டு, சில மாற்றங்களோடு. முழு மூலக்கூறு பருமனாயிருப்பதால் விழித்திரைக்குள் ஊடுருவாது என்று கருதியே துண்டைத் தயாரித்தார்கள். குரங்குகளின் கண்களில் செய்த சோதனை ஒன்று அக்கருத்துக்கு ஆதாரமாயிருந்தது. இதில் வஞ்சகம் ஒன்றும் இருந்ததாக நாம் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த சான்று அது.

2005-ம் வருஷத்தில் லூஸெண்டிஸ் இன்னும் கடைக்கு வரவில்லை. அதன் பரீக்ஷைகளில் முக்கியப் பங்கு கொண்டிருந்த டாக்டர் பிலிப் ரோஸன்பெல்ட், மியாமி நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் நாள்தோறும் பார்வை இழந்துகொண்டிருந்த நோயாளிகளைக் கண்டார். மருந்துக்கு அனுமதி வரும்வரை நோய் காத்திருக்குமா? புற்றுநோய் மருந்தாகிய அவாஸ்டினில் ஒரு துளி அளவு எடுத்து, ஒரு நோயாளியின் கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் பாகு போன்ற பொருளில் ஊசியால் செலுத்தினார். ஒரு வாரத்திற்குள் விழித்திரையின் அடியில் தேங்கியிருந்த நீர் வற்றிவிட்டது.

நீர் வற்றியதை அவர் எவ்வாறு அறிந்தார் என்பது இக்கதையின் பாதி. விழித்திரை ஒரு மில்லி மீட்டர் கனம்கூட இல்லாதது. 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்த கருவியால் அதை நேரே பார்க்க முடிந்தது. ஆனால் மேற்பரப்பைத்தான் பார்க்கலாம். 1961-ல் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள் இண்டியானாவில், கையிலுள்ள இரத்தக் குழாயில் சாயத்தை ஏற்றி அது கண்ணுக்குள் ஓடுவதைப் படமெடுத்தார்கள். (கண் வைத்தியப் பத்திரிகை அவர்களுடைய கட்டுரையை வேண்டாமென்று திருப்பியது, இருதய வைத்தியர்களின் பத்திரிகை பிரசுரித்தது. பெரியவர்களின் சபைகள் இளைஞர்களை வரவேற்கும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்!) பிறகு 1991-ல், மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்பக் கலாசாலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஓ.சி.டி. என்ற முறையை வெளியிட்டார்கள். ஒலி சுவரில் பட்டு எதிரொலிப்பதுபோல, கண்ணுக்குள் அனுப்பிய ஒளி ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியைக் கணக்கிட்டு, வெட்டிய வெங்காயத்தின் அடுக்குகளைப் பார்ப்பதுபோல விழித்திரையின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தைக் கருவி காட்டிவிடுகிறது. ஊசியில்லை, சாயமில்லை, வலியில்லை. சில விநாடிகளில் முடிந்துவிடும். தலைமயிரின் கனத்தைவிடச் சிறிய மாறுதலும் அதில் தெரியும். இந்தக் கருவி இல்லாவிடில் ரோஸன்பெல்டின் ஊசி ஒரு டாக்டரின் அபிப்பிராயமாக நின்றிருக்கும். படம் இருந்தபடியால், அதைப் பார்த்த வைத்தியர்கள் தாங்களும் செய்துபார்க்கத் துணிந்தார்கள். சில மாதங்களில் அவ்வழக்கம் உலகமெங்கும் பரவியது.

2006 ஜூனில் லூஸெண்டிஸ் அனுமதி பெற்று வெளிவந்தது. ஓர் ஊசியின் விலை ஏறக்குறைய 2000 டாலர். அவாஸ்டினைச் சிறு பங்குகளாகப் பிரித்தால் ஓர் ஊசிக்குச் சுமார் 50 டாலர்தான் ஆயிற்று. காரணம் எளிது. புற்றுநோயாளிக்கென்று அடைக்கப்படும் 4 மில்லி லிட்டர்ப் புட்டியில் கண்ணுக்கு வேண்டிய பங்குகள் டஜன் கணக்கில் அடங்கியிருக்கின்றன. 2007 அக்டோபரில், மருந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கடைகளுக்கு இனி அவாஸ்டினை நேரே விற்பதில்லை என்று கம்பெனி அறிவித்தது. பத்திரத்தன்மையை முன்னிட்டே இந்த ஏற்பாடு என்றார்கள். கண் வைத்தியர்கள் கூட்டமாக எதிர்த்தார்கள். முடிவில் டாக்டர்கள் தாமே வாங்கிக் கடைகளுக்கு அனுப்பலாம் என்று சமாதானம் ஏற்பட்டது.

நிற்க. மலிவான மருந்தும் விலையுயர்ந்த மருந்தும் ஒரே பலனைத் தருமா? இக்கேள்விக்கு விடை காண வேண்டியவர் யார்? இரண்டுக்கும் சொந்தக்காரன் ஒரே கம்பெனி. விடை எவ்வாறு வந்தாலும் அதற்கு ஆதாயமில்லை. ஒரு விதமாக வந்தால் பெருநஷ்டம். தன் பணத்தைச் செலவழித்துத் தன் வியாபாரத்தைக் குலைத்துக்கொள்ளும் வியாபாரியை நாம் கண்டதில்லை. அதனால் அமெரிக்க சர்க்காரின் தேசியக் கண் ஆராய்ச்சி நிலையம் ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து செலவிட்டு அப்பரீக்ஷையை நடத்தியது. 2008-ல் ஆரம்பம். நாற்பதுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில், 50 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1200 நோயாளிகள். சிலருக்கு மாதந்தோறும் ஊசி, சிலருக்கு ஓ.சி.டி. படத்தையும் கண்ணையும் மாதந்தோறும் சோதித்து, வேண்டியபோது மாத்திரம் ஊசி. எந்த மருந்து யாருக்கு என்பதை நோயாளிகள் அறியாதவாறு மறைத்துவைத்தார்கள். ஆனாலும் லூஸெண்டிஸின் பெயர் இன்ஷூரன்ஸ் ரசீதில் அச்சாகி வீட்டுக்கு வந்துவிட்டதால், ரகசியம் சிலரிடம் உடைந்துபோயிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

2011-ல் முதல் வருஷ முடிவு பிரசுரமாயிற்று. மாதந்தோறும் லூஸெண்டிஸ் போட்டுக்கொண்டவர்கள் கண் பரிசோதனைப் பலகையில் முன்னைவிடச் சராசரி 8.5 எழுத்துக்கள் கூடுதலாகப் படித்தார்கள். அவாஸ்டின் போட்டுக்கொண்டவர்கள் 8.0 எழுத்துக்கள். வித்தியாசம் அரை எழுத்து! ஒரு நோயாளிக்கு அவ்வருஷத்து மருந்துச் செலவு லூஸெண்டிஸுக்கு 23,400 டாலர். அவாஸ்டினுக்கு 595 டாலர்.

இதோடு நிறுத்திக்கொண்டு வெற்றி முரசு கொட்டுவது நமக்குச் சுலபம். ஆனால் உண்மை முழுவதையும் சொல்லியாக வேண்டும். ஓ.சி.டி. படத்தில் இரண்டும் சமமாக இல்லை. மாத ஊசி பெற்றவர்களில், நீர் அடியோடு வற்றியவர்கள் லூஸெண்டிஸ் பிரிவில் 43.7 சதவிகிதம், அவாஸ்டின் பிரிவில் 26 சதவிகிதம்தான். படம் காட்டிய வித்தியாசம் பார்வையில் காணப்படவில்லை என்பதே ஆச்சரியம். அன்றியும், ஆஸ்பத்திரியில் சேரும்படியான உடல் உபாதைகள் அவாஸ்டின் பிரிவில் சற்று அதிகமாயிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இம்மருந்தோடு சம்பந்தப்படுத்திப் பேசப்படாத நோய்கள். எனினும் சந்தேகத்தைக் கிளப்ப அது போதுமாயிருந்தது. பங்கிடும் இடத்தில் சுத்தம் குறைந்தால் நேரும் ஆபத்தோ சந்தேகத்துக்கு இடமில்லாதது. அதே 2011-ல் பிளாரிடாவில் ஒரு கடையில் பிரித்த அவாஸ்டின் ஊசியால் 12 பேருக்குக் கண்ணில் கிருமி பரவியது. மருந்தின் குற்றமல்ல, கைகளின் குற்றம் என்பார்கள். பார்வை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல்?

நீரிழிவு வீக்கத்தில் கணக்கு மேலும் நுட்பமானது. 2015-ல் வெளியான மற்றொரு பொதுப்பணப் பரீக்ஷையில், பார்வை அதிகம் கெட்டவர்களுக்கு ஐலியா என்ற மூன்றாவது மருந்து மேலாயிருந்தது. கொஞ்சம் கெட்டவர்களுக்கு மூன்று மருந்தும் ஒன்றே. அதன்மேல் 2022-ல், பார்வை அதிகம் கெட்டவர்களுக்கும் முதலில் அவாஸ்டினைக் கொடுத்து, போதாதவர்களுக்கு மாத்திரம் ஐலியாவுக்கு மாற்றினால், இரண்டு வருஷ முடிவில் பார்வையில் குறைவு நேர்வதில்லை என்று தெரியவந்தது. மலிவானதை முதலில், தேவையானால் விலையுயர்ந்ததை! எந்தக் கம்பெனி இப்படியொரு யோசனையைச் சோதித்துப் பார்த்திருக்கும்?

ஐரோப்பாவில் விவகாரம் நியாயஸ்தலம் ஏறியது. ஜெனன்டெக்கின் சொந்தக்காரராகிய ரோஷ் கம்பெனியும், அமெரிக்காவுக்கு வெளியே லூஸெண்டிஸை விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனியும் சேர்ந்து, இரு மருந்துகளும் வேறு வேறு என்ற எண்ணத்தைச் செயற்கையாகப் பரப்பின என்று இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரிகள் 2014-ல் தீர்மானித்து, 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தார்கள். கம்பெனிகள் மறுத்து மேல்முறையீடு செய்தன. 2019-ல் அந்நாட்டு உயர் நிர்வாக நியாயஸ்தலம் அபராதத்தை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் 12 பிரதேச சுகாதார அமைப்புகள் நோயாளிகளுக்கு அவாஸ்டினையும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தபோது இரு கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்து, 2018-ல் தோற்றன. உலக சுகாதார ஸ்தாபனமோ 2013-லேயே அவாஸ்டினின் மூல மருந்தைக் கண்ணுக்குரிய அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது.

நம் தேசத்தில் விழித்திரை வைத்தியர்கள் அவாஸ்டினைப் பல வருஷங்களாகவே கையாண்டு வருகிறார்கள். 2015-ல் லூஸெண்டிஸின் மாற்று மருந்தொன்றையும் இந்தியக் கம்பெனியே தயாரித்து, உலகில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் 2016 ஜனவரியில், குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சில நோயாளிகளின் கண்கள் பாதிக்கப்பட்டன என்ற தகவலின் பேரில், அவாஸ்டினைக் கண்ணுக்கு உபயோகிக்க வேண்டாமென்று மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி தேசமெங்கும் எச்சரிக்கை விடுத்தார். வைத்தியர் சங்கங்கள் முறையிட்டன. மார்ச்சில் எச்சரிக்கை வாபஸாயிற்று. இடைப்பட்ட வாரங்களில், மாத ஊசிக்கு நாள் குறித்திருந்த ஏழை என்ன செய்வான்? விலையுயர்ந்த மருந்தை வாங்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை விடுத்ததைக் குறை கூறவில்லை. கண் கெட்டது என்று கேள்விப்பட்ட அதிகாரி சும்மா இருக்கலாகாது. நாம் கேட்பது வேறு. புட்டியைக் கிருமியில்லாத அறையில் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் சோதித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, புட்டியின் எண்ணோடு கணக்கெழுதி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு நிலையத்தைச் சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஏற்படுத்த என்ன செலவாகும்? கண் ஊசியின் பலனையும் பின்விளைவையும் எல்லா மாகாணங்களிலிருந்தும் ஒரே புத்தகத்தில் பதிந்து வருஷந்தோறும் வெளியிட எத்தனை குமாஸ்தாக்கள் வேண்டும்? அடுத்த பட்ஜெட் விவாதத்தில் இவ்விரண்டு கேள்விகளையும் எழுப்பும்படி சுகாதார விஷயத்தில் சிரத்தையுள்ள அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.