லீவுக்கு திருவண்ணாமலையா? மலை மேல் ஏறுமுன் இதைப் படிங்க!

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு. "எங்கேயாவது மலை ஏறணும்" என்று பிள்ளைகள் நச்சரிக்கின்றன. ஊட்டி போக பர்ஸ் கனமாக இருக்க வேண்டும். கொடைக்கானலும் அப்படித்தான். கையில் இருப்பதோ சம்பளத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய். உடனே ஞாபகத்துக்கு வரும் ஊர் திருவண்ணாமலை!

சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, மலை ஏறின மாதிரியும் ஆச்சு என்று ஒரு கணக்கு.

போதாக்குறைக்கு ரெயில் வேறு வந்துவிட்டது. வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த சென்னை கடற்கரை ரெயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். ஆபீஸ் முடிந்து மாலையில் ஏறினால் நள்ளிரவில் அண்ணாமலையார் ஊரில் இறங்கலாம். விட்ட புதிதில் டிக்கெட் 50 ரூபாய்தான். குடும்பத்தோடு மூட்டை கட்டாமல் யார் இருப்பார்கள்?

இறங்கியதும் கண் முன்னே நிற்கிறது மலை. உயரம் 2,668 அடி. "இவ்வளவுதானா? விடிஞ்சதும் ஏறிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கிடலாம்" என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து!

போர்டு இருக்கு... பார்ப்பவர்தான் இல்லை

அண்ணாமலை வெறும் மலை இல்லை. வனத்துறை கட்டுப்பாட்டில் உள்ள காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது வனச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் நேற்று போட்டது அல்ல, 1882-ம் ஆண்டுச் சட்டம்.

தீபத் திருவிழாவுக்கு மட்டும் முன்பு ஒரு சலுகை இருந்தது. மகா தீபத்தன்று அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்கும் முதல் 2,500 பேர் மலை ஏறலாம். கோவிலுக்கு வரும் லட்சோப லட்சம் பேரில் வெறும் 2,500 பேர்!

2024-ம் ஆண்டு அதுவும் நின்றது. அந்த ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி தீபம். அதற்கு முன்பு மண்ணியல் நிபுணர்கள் மலை மேல் ஏறி, மண்ணையும் பாறையையும் சோதித்துப் பார்த்தார்கள். பொதுமக்களை ஏற்ற முடியாது என்று முடிவானது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து செல்லும் ஆட்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் எரிந்தது. பக்தர்கள் கீழே நின்று கும்பிட்டார்கள்.

தீபத்துக்கே ஏற்றாத மலையில், லீவுக்கு வந்தவர் ஏறலாமா?

7 உயிர் போன மாலை

நிபுணர்கள் பயந்ததற்கு காரணம் இருந்தது. தீபத்துக்கு 12 நாள் முன்பு நடந்ததை திருவண்ணாமலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்தும் அடங்கவில்லை. உள்மாவட்டங்களில் கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மழைக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்த நேரம்.

மாலையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் 11-வது தெருவில் பயங்கரச் சத்தம். மலையில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்து வந்து வீட்டை அப்படியே மூடிவிட்டது.

உள்ளே இருந்தது 7 பேர். கணவன், மனைவி, அவர்களுடைய 2 குழந்தைகள், பக்கத்து வீடுகளில் இருந்து வந்திருந்த 3 சிறுமிகள்.

தேசிய பேரிடர் மீட்புப் படை வந்தது. மேலே தொங்கிக்கொண்டிருந்த பாறை எந்த நேரம் உருளுமோ என்ற பயத்தோடு, கொட்டும் மழையில் மண்ணை அள்ளினார்கள். ஒருவரைக்கூட உயிரோடு மீட்க முடியவில்லை. 7 பேரில் 5 பேர் குழந்தைகள்.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டிருந்த மண் இளகிவிட்டது. பிடி விட்ட பாறை சரிவில் நிற்குமா? அன்றைக்கு உருண்டது உருண்டுவிட்டது. உருளாமல் பாதியில் நிற்பது எத்தனை என்று கீழே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. மேலே நடப்பவர் காலில் ஒரு சின்னக் கல் புரண்டால்கூட, அது போய் விழுகிற இடத்தில் யாரோ குடியிருக்கிறார்கள். இதை ஏறுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

"சார், மேலே போகணுமா?"

மலை சுற்றும் பாதையில் நாலு நாள் நடந்தால் இந்தக் குரல் காதில் விழும். குகை காட்டுகிறேன், உச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று பேரம் பேசுவார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் ரேட்டே வேறு. ரசீது கிடையாது. அடையாள அட்டை கிடையாது. மேலே கால் இடறினால், பாதியில் விட்டுவிட்டு ஓட மாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

2025 மார்ச் மாதம் இந்த விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் தியானம் செய்ய மலை மேல் போயிருக்கிறார். கூட்டிப் போன வழிகாட்டி தன்னிடம் பாலியல் பலாத்காரம் செய்ததாகப் புகார் கொடுத்தார். அந்த ஆள் கைது செய்யப்பட்டார். ஊரே தலை குனிந்தது.

வழி தவறியவர்கள் கதை தனி. ஏறும்போது ஒரே பாதை போலத்தான் தெரியும். இறங்கும்போது நாலு பக்கமும் புல்லும் பாறையும் ஒரே மாதிரி இருக்கும். இருட்டிவிட்டால் தீர்ந்தது. செல்போனில் அழுது, வனத்துறையும் தீயணைப்புப் படையும் தேடிப் போய் இறக்கிக்கொண்டு வந்த ஆட்கள் உண்டு. கோடையில் இன்னொரு எமன், தீ! காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். மொட்டையாகக் கிடந்த மலையில் வருஷக்கணக்காக மரக்கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டி வளர்த்தவர்கள் வயிறு எரியாதா?

புல் தீ என்ன செய்யும் என்பதற்கு தேனி மாவட்டம் குரங்கணி சாட்சி. 2018 மார்ச் 11-ந் தேதி அங்கே மலையேற்றத்துக்குப் போனவர்களை காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் சென்னை, ஈரோடு பக்கத்து இளைஞர்களும் பெண்களும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் போட்டது.

சட்டப்படி ஏற வழி இருக்கா?

இருக்கு. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். ஆன்லைனில் டிக்கெட் எடுக்க வேண்டும். காட்டை அறிந்த மலைவாசி இளைஞர்களே வழிகாட்டிகள். காட்டுத்தீ பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த 40-ல் அண்ணாமலை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத் தீவு ஒன்றில் டயமண்ட் ஹெட் என்று ஒரு மாநிலப் பூங்கா மலை. உயரம் வெறும் 761 அடி. நம்ம மலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அதில் ஏற, வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று 2022 மே மாதம் உத்தரவு போட்டுவிட்டார்கள். அதே தீவில் ஹனவுமா விரிகுடா என்ற இடத்தில், கண்ணில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி மீன் பார்ப்பார்கள். அங்கேயும் தண்ணீரில் இறங்குமுன் எல்லாரும் ஒரு பாடப் படம் பார்த்தாக வேண்டும். பவளப்பாறையை மிதிக்காதே, மீனைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

இங்கே போர்டு மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆள் போட்டால்தான் வேலை நடக்கும்.

அப்போ லீவு வீணா?

வீண் இல்லை. மலையில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்க்க ஆசை என்றால் ஸ்கந்தாசிரமம் இருக்கிறது. ரமணாசிரமத்தின் பின்பக்கத்தில் இருந்து கல் பாவிய பாதை போகிறது. மர நிழல் உண்டு. வயதானவர்கள்கூட உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுகிறார்கள். 1896-ல் சிறுவனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், விரூபாட்ச குகையில் பல வருஷம் இருந்தார். பிறகு 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் தங்கினார். அங்கே நின்று கீழே பார்த்தால் அண்ணாமலையார் கோவிலின் 9 கோபுரங்களும் பொம்மை மாதிரி தெரியும். 217 அடி ராஜகோபுரமும் அதில் ஒன்று. இந்தக் காட்சிக்காகவே ஏறலாம். கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும். மாலையில் கேட் சாத்துமுன் இறங்கிவிட வேண்டும்.

நடந்தே தீருவேன் என்பவருக்கு கிரிவலம். 14 கிலோமீட்டர் தார் ரோடு, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை 8 லிங்கங்கள். பவுர்ணமி அன்று தள்ளுமுள்ளு. குழந்தைகளோடு வருபவர்கள் சாதாரண நாளில், விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவது உத்தமம். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். உள்பாதை என்று காட்டு வழியாக ஒன்று இருந்தது. அதை வனத்துறை மூடிவிட்டது. யாராவது அதில் கூப்பிட்டால் போகாதீர்கள்.

பர்வதமலையில் உஷார்!

கால் வலுவுள்ளவர்கள் கலசபாக்கம் பக்கம் பர்வதமலைக்குப் போவார்கள். 4,560 அடி. தென்மாதிமங்கலம் வழியாகவும் கடலாடி வழியாகவும் ஏறலாம். கடைசியில் கடப்பாறைப் படியும் இரும்பு ஏணியும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோவில். கீழே குனிந்து பார்த்தால் அடிவயிறு கலங்கும்.

2025 ஆகஸ்டில் சென்னையில் இருந்து ஒரு கூட்டம் வந்து சாமி கும்பிட்டுவிட்டு இறங்கியது. வழியில் பலத்த மழை. ஏறும்போது சும்மா கிடந்த ஓடையில் காட்டாற்று வெள்ளம். அதைக் கடக்கும்போது 2 பெண்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

மலையில் மழை பெய்தால் ஓடை சொல்லிக்கொண்டு வராது. தண்ணீர் கலங்கி வந்தால் இறங்கவே கூடாது. கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளம் வடிகிற வரை இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி, பசித்தாலும் சரி. கடைசி பஸ் போனால் போகட்டும். கிளம்புமுன் வானத்தைப் பாருங்கள். அன்றைக்கு ஏற விடுகிறார்களா என்று அடிவாரத்தில் வனத்துறைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலை, தேன், நட்சத்திரம்

மலையே வேண்டாம், பிள்ளைகளுக்கு வேடிக்கை போதும் என்பவர்களுக்கு தண்டராம்பட்டு தாண்டி சாத்தனூர் அணை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டி 1958-ல் முடித்தது. 119 அடி தண்ணீர் நிற்கும். பூங்காவும் முதலைப் பண்ணையும் உண்டு. சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்துத் தேய்ந்த இடம்! ஆனால் அணையில் குளிக்க இறங்கக்கூடாது. முதலை பண்ணைக்குள் மட்டும் இல்லை, தண்ணீருக்குள்ளும் இருக்கிறது. பெஞ்சல் மழையின்போது 2024 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை இதே அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மிதந்தன. ஆற்றங்கரையில் சங்கு ஊதினால் செல்பி எடுத்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

இரண்டு நாள் லீவு இருந்தால் போளூர் வழியாக ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரி, அருகில் பீமன் அருவி. மழை பெய்து ஓய்ந்த மாதங்களில்தான் அருவியில் தண்ணீர் பார்க்கலாம். கோடையில் போய்விட்டு "பாறைதான் இருக்கு" என்று திட்டக்கூடாது. மலைவாசிகள் விற்கும் சாமை, புளி, தேன் வாங்கலாம். அதே மலைத்தொடரில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம். 1986-ல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அந்தப் பெயரைச் சூட்டினார். அங்குள்ள பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். பார்வையாளர் நாள் எது என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள்.

மேலே ராத்திரியில் குளிரும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.