சிவப்புக் குதிரை வாங்கலாமா?

"சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு புடவைக் கடைக்குள் நுழைந்து, வெறுங்கையோடு வெளியே வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர், சொல்லுங்கள்? கடைக்காரர் கெட்டிக்காரர். "வாங்க வேண்டாம் அம்மா, தோளில் போட்டுத்தான் பாருங்களேன்" என்பார். போட்டுப் பார்த்தோமோ இல்லையோ, தீர்ந்தது! கண்ணாடியில் தெரிகிறவள் அந்தப் புடவைக்கென்றே பிறந்தவள் மாதிரி இருப்பாள்.

புடவை போகட்டும். இதே வித்தையை மோட்டார் காரில் செய்து காட்டும் ஊர் ஒன்று உண்டு. இத்தாலி தேசத்தில், மோதெனா நகரத்துக்குத் தெற்கே இருக்கும் மாரனெல்லோ என்ற சிற்றூர்தான் அது. உலகப் புகழ் பெற்ற ஃபெராரி கார்கள் பிறக்கும் இடம். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் சில வாடகைக் கடைகள் இருக்கின்றன. வாசலில் செக்கச் செவேலென்று கார்கள் நிற்கும். பணத்தைக் கட்டி, லைசென்ஸைக் காட்டினால், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை உட்கார வைத்து உங்களையே ஓட்டச் சொல்வார்கள்.

2025-ம் வருஷம் மே மாதம் நான் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல. ஒரு குடும்ப வழக்கில் சாட்சியாக! என் பெரியப்பா மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் என்ஜினீயர். அண்ணாவுக்கு வயது நாற்பத்தாறு. பத்து வயதில் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சுவரில் ஒட்டிய ஃபெராரி படம் அவர் மனத்திலிருந்து இன்னும் உரியவில்லை. அண்ணிக்குக் கணக்கு எழுதும் உத்தியோகம். பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்கு எட்டு. வீடு வாங்குவதற்கென்று தம்பதிகள் பதினொரு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பணத்தின் மேல்தான் அண்ணாவின் கண் விழுந்துவிட்டது. '458 இத்தாலியா' என்ற ஃபெராரி ஒன்று, பழைய வண்டிதான், 1,70,000 யூரோவுக்கு விலைக்கு வந்திருந்தது. "முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்" என்றார் அண்ணா. "நானும் வருகிறேன்" என்றார் அண்ணி. அந்தக் குரலில் இருந்த நிதானத்தைக் கேட்டதும், தடுத்து நிறுத்தத்தான் வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

குதிரை வந்த கதை

நாங்கள் சென்ற கடையில் பத்து நிமிஷத்துக்கு வாடகை நூறு யூரோ. முதலில் அண்ணா ஏறினார். வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கைகள். ஒன்றில் பயிற்சியாளர். ஆகவே மற்றவர்கள் நடைபாதையில் நிற்க வேண்டியதுதான்.

பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு காரின் மேல் இருந்த சின்னத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். மஞ்சள் நிறத்தில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரை. மஞ்சள், மோதெனா நகரத்தின் நிறம். குதிரையோ பிரான்செஸ்கோ பராக்கா என்ற விமான வீரருடையது. முதல் உலக யுத்தத்தில் தம் விமானத்தின் மேல் இந்தக் குதிரையை எழுதி வைத்துக்கொண்டு பறந்தவர் அவர். 1918-ல் போர்முனையில் மாண்டு போனார். 1923-ல், அப்போது பந்தயக்கார இளைஞராக இருந்த என்ஸோ ஃபெராரியைச் சந்தித்த பராக்காவின் தாயார், "என் மகனுடைய குதிரையை உன் கார் மேல் போட்டுக்கொள், அதிர்ஷ்டம் வரும்" என்ற கருத்தில் சொன்னாராம். உலகமெங்கும் பணக்காரப் பெருமைக்கு அடையாளமாகத் திரியும் அந்தக் குதிரை, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கொடுத்த தானம்!

கதை முடிவதற்குள் அண்ணா திரும்பி வந்துவிட்டார். இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணா, எப்படி?"

"நீ ஓட்டிவிட்டு வா, பேசலாம்" என்றார்.

570 குதிரைகளும் ஒரு டிராக்டரும்

சர்வதேச லைசென்ஸும் கையுமாக நான் ஏறினேன். ஏறினேன் என்பது தவறு; இறங்கினேன் என்று எழுத வேண்டும். இருக்கை அத்தனை தாழ்வு. பல்லாங்குழி ஆட உட்காருகிற மாதிரி தரையோடு தரையாக உட்கார வேண்டும். ஸ்டியரிங்கோ இடது பக்கம். கிளச் மிதி கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகள். வலது தகட்டை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். மொத்தம் ஏழு கியர். திரும்பப் போகிறோம் என்று காட்டும் விளக்குக்குக்கூட ஸ்டியரிங்கிலேயே பொத்தான். நான் இடது பக்கம் திரும்ப நினைத்து இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தினேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் என் முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் கொட்டியது. ஆம், என்ஜின் நமக்குப் பின்னால் இருக்கிறது. எட்டு சிலிண்டர், நாலரை லிட்டர், 570 குதிரைச் சக்தி. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை மூன்றரை விநாடிக்குள் எட்டிவிடும். ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"பியானோ, பியானோ" என்றார் பயிற்சியாளர். சங்கீதம் அல்ல, இத்தாலிய பாஷையில் 'மெதுவாக, மெதுவாக' என்று அர்த்தம். ஊருக்குள் 50 கிலோமீட்டர்தான் அனுமதி. ஊர் எல்லை தாண்டியதும் 90. நேரான சாலை வந்தது. "இப்போது!" என்று ஜாடை காட்டினார். மிதித்தேன். ஒரு கை என் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தியது போல் இருந்தது. நாதஸ்வரக்காரர் கீழ் ஸ்தாயியிலிருந்து ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போவது போல் என்ஜின் பாடியது. மூன்று விநாடி, நான்கு விநாடி... என்னையும் அறியாமல் 'ஹா!' என்று சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

அவ்வளவுதான் கச்சேரி. முன்னால் ஒரு டிராக்டர்! வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே வரிசையாக லாரிகள். 325 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி, 30 கிலோமீட்டரில் அந்த வைக்கோலை முகர்ந்துகொண்டே போயிற்று.

டிராக்டரைப் பார்த்ததும் லம்போர்கினியின் ஞாபகம் வந்தது. பெருச்சியோ லம்போர்கினி ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. யுத்தத்துக்குப் பிறகு டிராக்டர் செய்து விற்றுப் பணக்காரர் ஆனவர். ஆசையாக ஃபெராரி வாங்கினார். கிளச் திருப்தியாக இல்லை. என்ஸோ ஃபெராரியிடம் குறை சொல்லப் போய், 'உனக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும்' என்கிற மாதிரி பேச்சுக் கேட்டுத் திரும்பினார் என்று கதையாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, 1963-ல் பக்கத்து ஊரான சாந்தாகத்தா பொலொஞேஸேயில் சொந்தமாகவே கார்த் தொழிற்சாலை தொடங்கிவிட்டார். ஆனால் முடிவைக் கேளுங்கள். 1972-லும் 1974-லும் கம்பெனியின் பங்குகளை இரண்டு தவணையில் விற்றுவிட்டு, உம்பிரியா பகுதியில் ஓர் ஏரிக்கரைக்குப் போய்த் திராட்சைத் தோட்டம் வைத்துக்கொண்டார். எந்தக் காரை வேண்டுமானாலும் செய்துகொள்ளக் கூடிய மனிதருக்குக் கடைசியில் மண்தான் வேண்டியிருந்தது.

மிஸ்டர் பீன் கணக்கு

என் பத்து நிமிஷம் முடிந்ததும் அண்ணி ஏறினார். வண்டி உறுமிக்கொண்டு மறைந்தது. அண்ணா மெல்ல வாயைத் திறந்தார்.

"இது செலவு இல்லை, முதலீடு. மிஸ்டர் பீனையே எடுத்துக்கொள்ளேன்!"

நம் குழந்தைகள் எல்லாரும் அறிந்த மிஸ்டர் பீன், ரோவன் அட்கின்சன், திரையில்தான் சின்ன மினி கார் ஓட்டுவார். நிஜத்தில் 1997-ல் 'மெக்லாரன் எஃப் 1' என்ற காரைச் சுமார் 6,40,000 பவுன் கொடுத்து வாங்கினார். 2015-ல் 80 லட்சம் பவுனுக்கு விற்றார். இதைத்தான் அண்ணா சொல்ல வந்தார்.

"நடுவில் நடந்ததையும் சொல்லுங்கள், அண்ணா. 2011-ல் மரத்தில் மோதித் தோளில் அடிபடவில்லையா? வண்டியைச் சரிசெய்ய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆன செலவு 9,10,000 பவுன். வாங்கிய விலையை விட ஜாஸ்தி! அந்தக் கார் உலகத்திலேயே மொத்தம் 106-தான் செய்தார்கள். உங்கள் 458 அப்படியா?"

அண்ணா சிரித்துவிட்டார். அவரிடமும் பட்டியல் இருந்தது, வாஸ்தவமான மனிதர். புதிய ஃபெராரி வாங்குகிறவர்களுக்கு முதல் ஏழு வருஷம் வழக்கமான பராமரிப்பைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். 458 செய்வதை 2015-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்தச் சலுகைக் காலம் எல்லா வண்டிகளுக்கும் கடந்துவிட்டது. பெட்ரோல், லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனியிலும் உப்பிலும் ஓட்ட மனம் வராது. ஜெர்மனியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்கிற மாதிரி, வருஷத்தில் சில மாதங்களுக்கு மட்டும் செல்லும் நம்பர் பலகை உண்டு. வரியும் இன்ஷூரன்ஸும் மிச்சம். ஆனால் மற்ற மாதங்களில் தெருவில் நிறுத்தக்கூட அனுமதி இல்லை. வாடகை வீட்டுக்காரர், வண்டிக்கென்று இன்னொரு வாடகை இடம் பிடிக்க வேண்டும்.

"யானையை வாங்கிவிடலாம் அண்ணா, கட்டித் தீனி போடுவதுதான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் யானையே வந்துவிட்டது.

அண்ணியின் தீர்ப்பு

இறங்கிய அண்ணியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலை கலைந்து, கன்னம் சிவந்து, கண்ணில் ஒரு பளபளப்பு. கல்யாண ஆல்பத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த முகம் அது.

"ஏங்க, வாங்கிடலாமா?" என்றார்.

நான் பிரமித்து நின்றேன். தடுக்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? அதைவிட ஆச்சரியம், அண்ணா சொன்ன பதில்.

"வேண்டாம்."

"அப்பா, வாங்கினா நாங்க எங்கே உட்காருவோம்?" என்று பையன் அதே சமயம் கேட்டு வைத்தான். யாரும் பதில் சொல்லவில்லை.

காப்பிக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் அண்ணா மனம் விட்டுப் பேசினார். "நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள். நான் பத்து நிமிஷமும் என்ஜினைக் கேட்கவே இல்லை. என் வண்டி, என் வண்டி என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கல் தெறித்தால் என்ன ஆகும், எதிரே வருகிற லாரி உரசினால் யார் கொடுப்பார்கள், வீடு வாங்குகிற பணம் ஆயிற்றே... இதே யோசனை. முப்பத்தாறு வருஷம் ஆசைப்பட்ட வண்டியில் உட்கார்ந்துகொண்டு, எப்போது இறங்குவோம் என்று இருந்தது."

ஒரே வண்டி, ஒரே சாலை, அதே பத்து நிமிஷம். விருந்தாளியாக ஓட்டியவளுக்கு அது சந்தோஷம். சொந்தக்காரராக ஓட்டியவருக்கு அது கவலை!

அண்ணி சிறிது நேரம் பேசவில்லை. காப்பிக் கடை காகிதக் கைத்துண்டில் ஏதோ எழுதினார். கணக்கு எழுதுகிற கை அல்லவா? "ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை நூறால் வகுத்தால் ஆயிரத்து எழுநூறு தடவை. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டினாலும் முப்பத்திரண்டு வருஷத்துக்குத் தாங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வருவோம். முதலில் நான் ஓட்டுகிறேன். நீங்கள் அடுத்தது. கவலைப்படாமல் ஓட்ட வேண்டும், தெரிந்ததா?"

"இப்போதே இன்னொரு பத்து நிமிஷம் ஓட்டட்டுமா?" என்றார் அண்ணா, சின்னப் பையன் மாதிரி.

அண்ணி கைப்பையைத் திறந்து நூறு யூரோ நோட்டை எடுத்து நீட்டினார்.

இந்தத் தடவை அண்ணா திரும்பி வந்தபோது, வண்டி நிற்பதற்கு முன்பே அவர் சிரிப்பு எங்களுக்குத் தெரிந்தது.

அன்பு நேயர்களே! நம்மில் யாரும் நாளைக்கே ஃபெராரி வாங்கப் போவதில்லை. ஆனால் வைர அட்டிகையோ, பெரிய வீடோ, தவணையில் வருகிற வேறு எதுவோ, நம் தோளிலும் அவ்வப்போது ஒன்று ஏறத்தான் செய்கிறது. அப்போது 'வாங்க முடியுமா?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். 'நம்முடையது ஆன பிறகும் இதைப் பார்த்து இப்படிச் சிரிக்க முடியுமா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால், தாராளமாக வாங்குங்கள். முடியாது என்று தோன்றினால், அழகாக மடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். தோளில் போட்டுப் பார்த்த சந்தோஷம் எப்படியும் நம்முடையதுதானே?