உப்பு நீரில் ஓர் உறைச் சோதனை

மரக்காணம் உப்பளப் பாத்தியில் முற்றிய உப்பு நீரை ஒரு குவளையில் எடுத்து, இரு செம்புக் கம்பிகளை இறக்கி, பாட்டரியையும் அம்மீட்டரையும் இணைத்துப் பாருங்கள். முள் சட்டென நகரும். சோடியம், குளோரைடு அயனிகள் மின்னோட்டத்தைத் தாங்கிச் செல்கின்றன. இனி ஒரு கம்பியை உப்பு நீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் வைத்து, உறையின் வாய் மட்டும் நீருக்கு மேலே இருக்குமாறு குவளையில் அமிழ்த்துங்கள். முள் அசையாது. உறையில் ஊசிமுனைத் துளை இருந்தாலோ, முள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆணுறையின் தரத்தை அறியும் முறைகளுள் இதுவும் ஒன்று. மற்றொன்றில் 300 மில்லிலிட்டர் நீரை ஊற்றிக் கசிவு பார்ப்பார்கள். எச்.ஐ.வி. வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான். எனினும் பழுதற்ற லேடக்ஸ் படலம் அதையும் தடுக்கிறது. ஆனால் லேடக்ஸுக்குப் பகைவர்கள் இருவர்: வெப்பமும் எண்ணெயும். தகரக் கொட்டகையிலோ லாரியின் முன்னறையிலோ வெயிலில் காய்ந்த உறையை நம்பக்கூடாது. தேங்காயெண்ணெய் தடவினால் படலம் வலுவிழக்கும். நீர் கலந்த வழுவழுப்புப் பசையே ஏற்றது.

உறை மறைக்காத தோலில் உள்ள புண்ணிலிருந்து மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் தொற்றலாம். இந்நோய் பெரிய வஞ்சகன். தொற்றிச் சுமார் 3 வாரத்தில் வலியில்லாத ஒரு புண் தோன்றும், மருந்தின்றியே ஆறிவிடும். நோயாளி நிம்மதியடைகிறார், கிருமியோ உடலிலேயே தங்கிவிடுகிறது. தொடக்க நிலையில் பென்சிலின் ஊசி இதைக் குணப்படுத்தும். கர்ப்பிணிக்குச் சிகிச்சையளித்துக் கணவரை விட்டுவிட்டால், அவரிடமிருந்து அதே கிருமி மீண்டும் மனைவிக்கு வந்துசேரும். கர்ப்பகாலத்தில் அது கருவையும் தாக்கும். இருவரையும் ஒருசேரப் பரிசோதிக்காத மருத்துவம் பாதி மருத்துவம் என்றே நான் கருதுகிறேன்.

உறையை எடுத்தால் சந்தேகப்படுவார்களோ என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கென 1968-லேயே ‘நிரோத்’ நம் ஊர்களுக்கு வந்துவிட்டது. அந்தக் காரணத்தைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாமே!

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசமாக, இரகசியமாக இரத்தம் பரிசோதிக்கிறார்கள். கணவன் மனைவி சேர்ந்தே போகலாம். தொற்றிய உடனே செய்யும் சோதனையில் எச்.ஐ.வி. தெரியாது. ஐயமிருந்தால் 3 மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும்; அதுவரை ஒவ்வொரு முறையும் புதிய உறை.