வாட் சொல்லாததை வெள்ளைக் கோளம் சொல்லும்

கடையில் பல்பு வாங்கும்போது இன்றும் “எத்தனை வாட்?” என்றுதான் கேட்கிறோம். குண்டு பல்பு காலத்தில் அந்தக் கேள்வியில் தப்பில்லை. எந்தக் கம்பெனியின் 60 வாட் பல்பும் ஏறக்குறைய 700 லூமன் வெளிச்சம் தந்தது. வாட் தெரிந்தால் வெளிச்சமும் தெரிந்துவிடும். எல்.இ.டி. வந்தபின் அந்தக் கணக்கு செல்லாமல் போய்விட்டது. பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் வாட் சொல்லும். வெளிச்சம் எவ்வளவு என்பதை லூமன்தான் சொல்லும். அதே 9 வாட்டில் ஒரு பல்பு 700 லூமன் தரலாம், இன்னொன்று 900 தரலாம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமன் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? அளந்த கருவி எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, அது எந்த விளக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்த எண்ணுக்கு மதிப்பு.

போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடுமே, இதற்கு ஆய்வகம் எதற்கு என்று கேட்கலாம். பௌர்ணமி நிலவிலும் வழி கண்டுபிடிக்கும் கண், அதைவிடப் பல லட்சம் மடங்கு பிரகாசமான உச்சி வெயிலிலும் வேலை செய்கிறது. எந்த வெளிச்சத்துக்கும் தன்னை அனுசரித்துக்கொள்வதே அதன் திறமை. அதனாலேயே அளவு சொல்ல அது லாயக்கில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெளிச்சம் சமமா இல்லையா என்பதை அது நன்றாகவே சொல்லும். ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் 1840-களில் இதைப் பயன்படுத்திக்கொண்டார். வெள்ளைத் தாளில் ஓர் எண்ணெய்ப் பொட்டு. ஒருபுறம் அளவு தெரிந்த விளக்கு, மறுபுறம் சோதிக்க வேண்டிய விளக்கு. இருபுறமும் வெளிச்சம் சமமாகும் இடத்தில் பொட்டு கிட்டத்தட்ட மறைந்துவிடும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்ற விதியை வைத்து மீதியைக் கணக்கிடலாம். ஒளியை அளப்பது என்பது தெரிந்த விளக்கோடு தெரியாத விளக்கை ஒப்பிடுவதே என்ற அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

புன்சன் முறையில் ஒரு திசையில் வரும் ஒளிதான் கணக்கில் வரும். பல்போ எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறுகிறது. விளக்கைச் சுற்றிலும் கோணம் கோணமாக அளந்து கூட்டும் கோனியோஃபோட்டோமீட்டர் ஒரு வழி. அதற்குப் பெரிய இருட்டறையும் நிறைய நேரமும் வேண்டும். 1900-ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரின் ரிச்சர்ட் உல்பிரிக்ட் காட்டியது சுருக்கு வழி. உள்ளே பேரியம் சல்ஃபேட் போன்ற பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு அடித்த உள்ளீடற்ற கோளத்தின் நடுவில் விளக்கை எரியவிட்டால், ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, கோளம் முழுக்கச் சமமாகப் பரவும். சுவரில் ஒரு ஓட்டை, அதில் ஓர் ஒளி உணரி. விளக்கின் ஒளி நேராக அதில் விழாதபடி நடுவே ஒரு சிறு தடுப்புத் தகடு. விளக்கு எந்தப் பக்கம் எவ்வளவு வீசினாலும், ஓரிடத்து அளவே மொத்தத்தையும் சொல்லிவிடும்.

இந்தக் கோளத்தின் பலவீனமும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. பூச்சு 98 சதவீத ஒளியைத் திருப்பினால், பலமுறை பிரதிபலித்து உள்ளே சேரும் ஒளி ஏறக்குறைய 49 மடங்காகிறது. தூசி படிந்து அது 97 சதவீதமானால் 32 மடங்குதான். ஒரே ஒரு சதவீத அழுக்கு, அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது! அதனால், லூமன் தெரிந்த தர விளக்கை முதலில் கோளத்துக்குள் எரித்து, உணரி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டபின்தான் சோதனை விளக்கை அங்கே மாட்டுகிறார்கள். அதோடும் முடியவில்லை. கறுத்த தடித்த அடிப்பாகம் கொண்ட பல்பு, தன் ஒளியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கோளச் சுவரிலேயே ஒரு துணை விளக்கு உண்டு. தர விளக்கும் சோதனை விளக்கும் எரியாமல் முறையே நடுவில் இருக்கும்போது துணை விளக்கின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் விடையைத் திருத்துகிறார்கள். எல்.இ.டி. சூடேறச் சூடேற மங்கும் என்பதால், அரை மணி நேரத்தில் 15 நிமிட இடைவெளியில் எடுத்த அளவுகள் அரை சதவீதத்துக்குள் நின்ற பிறகே கணக்கில் எடுப்பது வழக்கம்.

இத்தனைக்கும் பிறகு, லூமன் யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பச்சை ஒளியில் கண் மிகக் கூர்மை. 650 நானோமீட்டர் சிவப்பில் அதன் கூர்மை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்ற இறக்கத்தைச் சராசரியாக்கி, 1924-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஒரு வளைகோட்டை ஏற்றது. லூமன் அதன்மேல் நிற்கிறது. ஆக, யாருடைய கண்ணும் இல்லாத ஒரு சராசரிக் கண்தான் அளவுகோல். இது குறையாகத் தோன்றலாம். ஆனால் எல்லா ஆய்வகங்களும் ஒரே கண்ணை ஒப்புக்கொண்டதால்தான் டெல்லியில் எடுத்த அளவையும் பெர்லினில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

செல்போன் ஆப் போதாதா என்றால், அது ஓரிடத்தில் விழும் ஒளியான லக்ஸைக் காட்டும். தூரமும் சுவர் நிறமும் மாறினால் அந்த எண்ணும் மாறும். ஆய்வகத்தில் 25 டிகிரியில் அளந்தது நம் வீட்டுக் கூரையின் சூட்டுக்குப் பொருந்துமா என்பது நியாயமான ஆட்சேபம். அப்படியே பொருந்தாதுதான். பைக் மைலேஜ் போல, எல்லோரையும் ஒரே நிபந்தனையில் சோதித்த எண் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. அந்த ஒப்பீடு செல்ல வேண்டுமானால், சோதனைக் கூடத்தின் தர விளக்குக்கு மேலே இன்னொரு தர விளக்கு, அதற்கு மேலே ஒன்று என்று, புது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற இடம்வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். எனவே பெட்டியில் லூமனைப் பாருங்கள், வாட்டால் வகுங்கள், 900 லூமனுக்கு 9 வாட் என்றால் வாட்டுக்கு 100. நட்சத்திர முத்திரை தருவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். லூமனே அச்சிடாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும், உள்ளே எவ்வளவு வெளிச்சம் விற்கிறார்கள் என்பதைச் சொல்லாமலே காசு கேட்கிறது.