கேமரா பையில் எவ்வளவு சுமை வேண்டும்?

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணி வட்டாரத்தில், பொழுது புலரும் முன்பே உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். பாத்தித் தண்ணீரில் விடியலின் நிறம் படியும் அந்த நேரம் படமெடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால், அது அரைமணி நேரம்தான். அதன் பிறகு வெயில் ஏறி, வெள்ளை உப்பு கண்ணைக் கூசவைக்கும்.

அந்த அரைமணியில் பையைத் திறந்து, ‘எந்த லென்ஸைப் போடலாம்?’ என்று யோசித்துக்கொண்டிருந்தால் படம் போய்விடும்!

கேமரா மட்டுமே முக்கால் கிலோ வரும். 70-200 மி.மீ. பெரிய லென்ஸ் ஒன்றரை கிலோ. ட்ரைபாட், ஃபிளாஷ், தண்ணீர் பாட்டில் என்று சேர்த்தால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். வழுக்கும் வரப்பில் அதைச் சுமந்து நடப்பவருக்குக் கவனமெல்லாம் காலில்தான் இருக்கும்.

கனமான கேமராக்காரர்

அப்படியானால் சின்ன கேமராதான் சிறந்ததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்றவர். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அழைக்கப்பட்ட அவருடைய கேமராவின் உடல் ஒரு நிறுவனத்துடையது, லென்ஸ் வேறொன்றுடையது. அவரே பொருத்திக்கொண்ட கனமான கருவி அது. ஆனால், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. அந்தத் தெளிவு இருந்தால் கனம் சுமையாகத் தெரியாது.

வீட்டிலேயே முடிவெடுங்கள்

உப்பு வாருபவர்களையா, பனிக்காலத்தில் வரும் பூநாரைகளையா? முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள். மனிதர்கள் என்றால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். அருகே போய், அனுமதி கேட்டு எடுக்கலாம். பூநாரை என்றால் 400 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் எடுக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

குழப்பமாக இருக்கிறதா? கடைசியாக எடுத்த 100 படங்களின் விவரங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-ல் எடுத்தது என்று காட்டும். ஒருமுறைகூடப் பயன்படாத லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக்காற்றில் லென்ஸை மாற்றினால் ஈரமும் தூசும் கேமராவுக்குள் போகும். எனவே, லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

முத்துக்குளித்தவர்களின் கல்

இந்தக் கடலில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தால்தான் வேகமாகக் கீழே இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். பிறகு சிப்பி சேர்க்கும் பை மட்டும்தான் அவர்களிடம் இருக்கும்.

ட்ரைபாடும் அப்படித்தான். இருட்டு பிரியும்வரை அது தேவை. வெளிச்சம் வந்ததும் வண்டியில் வைத்துவிட்டு, கையை வீசி நடங்கள்!