பல் போனால் சொல் போகுமா?

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. நண்பர்களே, இதை நானும் பலமுறை பிறரிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. அதன் பொருளை உணர்ந்தது ஓர் இடவப்பாதி மழைக்காலத்தில்தான்.

விடுதிப் படிக்கட்டில் பாசி படிந்திருந்தது. வழுக்கி விழுந்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று கையில் வந்துவிட்டது. பால்பல் விழுந்தால் கூரைமேல் எறிவது எங்கள் ஊர் வழக்கம். அருகிலிருந்த நண்பர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். நானும் வலியை மறைத்துக்கொண்டு, பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டேன். பிறகு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "மோனே, ஆ பல்லு எவிடெ?" என்பதே. "எறிந்துவிட்டேன், டாக்டர்" என்றேன். அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார்.

காரணம் இதுதான். அடிபட்டு வேரோடு விழுந்த நிலைப்பல்லை மீண்டும் அதே குழியில் நடலாம். வேரைத் தொடாமல் பல்லின் தலைப்பகுதியைப் பிடிக்க வேண்டும். தேய்த்துக் கழுவக் கூடாது. உடனே குழியில் வைக்க முடியாவிட்டால் பாலில் இட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். அரை மணி நேரத்துக்குள் நட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு மணி நேரம் கடந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் மடிந்துவிடும். விடுதியில் வாழும் நாம் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும். நான் அறியவில்லை, ஒரு பல்லை இழந்தேன்.

பல் போன பின்புதான் சொல்லின் அருமை தெரிந்தது. தொல்காப்பியர் எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும்போது பல்லையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறார் என்று வகுப்பில் படித்தோம். தகரமும் நகரமும் பிறக்க நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். வகரத்துக்கு மேற்பல்லும் கீழுதடும் கூட வேண்டும். சங்கக் கூட்டத்தில் 'தந்தை' என்று சொல்ல எழுந்தேன். காற்றுத்தான் சீறி வந்தது. அன்று முதல் மேடையைத் தவிர்த்தேன். கையால் வாயை மறைத்துப் பேசப் பழகினேன்.

"இடத்தை நெடுநாள் காலியாக விடாதே" என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். தேர்வு, செலவு என்று சாக்குச் சொல்லி ஓராண்டைக் கடத்தினேன். மீண்டும் சென்றபோது அவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அங்கே தாடை எலும்பு மெலிந்திருந்தது!

தாடையில் பல்லைத் தாங்கும் எலும்பு, பல்லை நம்பியே வாழ்வது. நாம் மெல்லும்போது உண்டாகும் அழுத்தம் வேர் வழியாக எலும்புக்குச் செல்கிறது. அந்த வேலை இருக்கும்வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வேர் போய்விட்டால் அது கரையத் தொடங்கும். பல் போன ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடக் கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே குறைந்துவிடுகிறது. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்வதும் உண்டு. ஆகவே பல் போவது ஓர் எலும்பு நோயின் தொடக்கம் என்றே கொள்ளலாம்.

இதற்கு மாற்று மூன்று. முதலாவது, கழற்றி மாட்டும் பல்செட். செலவு குறைவு, ஆனால் அது ஈறின்மேல் உட்காருவதால் அசையும், கடிக்கும் வலிமையும் குறையும். இரண்டாவது, பாலம். இருபுறமும் உள்ள பற்களைத் தூண்களாக்கி, நடுவே பொய்ப்பல்லைக் கட்டுவது. உறுதியானதுதான், ஆயினும் குற்றமற்ற இரண்டு பற்களைச் சுற்றிலும் அராவ வேண்டும். ஒருவன் வீடு இடிந்ததற்கு அண்டை வீட்டார் இருவர் சுவரையும் செதுக்குவது போன்றது அது. இவ்விரண்டும் எலும்புக்குள் செல்வதில்லை. எனவே எலும்பு கரைவதைத் தடுப்பதும் இல்லை.

மூன்றாவது, இம்ப்ளான்ட் என்னும் பல் பதியம். போன வேருக்குப் பதிலாக டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகை எலும்பில் பதிக்கிறார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன்மேல் ஓர் இணைப்பையும், அதற்கும் மேலே பல் வடிவான உறையையும் பொருத்துகிறார்கள். அண்டைப் பற்களைத் தொடுவதில்லை. கழற்றி மாட்டும் தொல்லையும் இல்லை. மெல்லும் அழுத்தம் மீண்டும் எலும்புக்குச் செல்வதால், அது கரைவதும் பெரிதும் குறைகிறது. வேரின் இடத்தில் வேர் போன்றதையே வைப்பதுதான் இம்முறையின் தலையாய நன்மை.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1952இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைக் காண விரும்பினார். டைட்டேனியத்தாலான சிறு கருவி ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்ததும் அதைக் கழற்ற முயன்றார், வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது! டைட்டேனியத்தின்மேல் காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. அதனால் உடல் அதைப் பகையாகக் கருதுவதில்லை. 1965இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனிய வேர்களைப் பதித்தார். அவை அம்மனிதர் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உழைத்தன. ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது.

இவ்வுலோகம் நமக்கு அந்நியமன்று. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதன் பின்னர்க் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கனிமமணல் உலகப் புகழ் பெற்றது. அம்மணலில் உள்ள இல்மனைட் என்னும் கறுப்புக் கனிமமே டைட்டேனியத்தின் மூலம். கொல்லத்தை அடுத்த சவறாவின் மணலிலும் அது நிறைய உண்டு. 1946இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அது செய்வது உலோகமன்று, டைட்டேனியம் டையாக்சைடு என்னும் வெண்பொடி. சவறாவிலோ விண்வெளித் துறையின் உதவியோடு டைட்டேனிய உலோகப் பஞ்சு ஆலையே 2011இல் அமைந்தது. என் தாடையிலுள்ள திருகு நம் மணலில் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குமரிக் கடற்கரையில் நாம் காலால் மிதித்து நடக்கும் கருமணலில் இத்தகைய பொருள் ஒளிந்திருப்பதை எண்ண வியப்பு மேலிடுகிறது.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது செலவு, பல்செட்டைவிடப் பன்மடங்கு ஆகும். இரண்டாவது காலம். கீழ்த்தாடையில் ஏறக்குறைய 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதம் வரையும் காத்திருப்பது பழைய முறை. இப்போது சிலருக்கு விரைவாகவும் முடிகிறது. எனக்கோ எலும்பு மெலிந்திருந்ததால், முதலில் எலும்புத்தூள் வைத்துத் தேற்ற வேண்டியிருந்தது. நான் ஓராண்டு தாமதித்ததற்குக் கொடுத்த அபராதம் அது! தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்க்கு இதைச் செய்வதில்லை. புகை பிடிப்போருக்கும் சர்க்கரை நோய் கட்டுப்படாதோருக்கும் தோல்வி மிகுதி. பதித்த பல்லுக்குச் சொத்தை வராது; ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சி கொண்டால் அதுவும் ஆட்டங்காணும். நாள்தோறும் துலக்கிப் பேணினால், பத்தாண்டு கழித்தும் 100க்கு 90க்கு மேல் நிலைத்து நிற்கின்றன.

எனவே, இருக்கும் பல்லைக் காப்பதே முதற்கடமை. இயற்கை வேருக்கு இணை எதுவும் இல்லை. பல் போய்விட்டால் வெட்கப்பட்டு வாய் மூடி இருக்க வேண்டாம். நாளைக் கடத்தவும் வேண்டாம். 1959இல் நிறுவப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே உள்ளது. அங்கேனும் சென்று முதலில் ஆலோசனை கேளுங்கள். எது ஏற்றது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும் என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும்.

சென்ற சங்கக் கூட்டத்தில் நான் மீண்டும் எழுந்து பேசினேன். தகரமும் நகரமும் தத்தம் இடத்தில் பிறந்தன. கேட்டவர் எவரும் என் பல்லைக் கவனிக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான பாராட்டு.