சேமிப்பும் பதுக்கலும்

இல்லத்திற்குரிய தானியத்தையும் விறகையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தல் தவக்குலுக்கு முரணாகுமோ என நம்மில் சிலர் ஐயுறுகின்றனர். பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழங்களை விற்று, நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தார்க்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வந்ததாக உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. விறகு சுமந்து விற்றுப் பிழைத்தல் இரத்தலினும் மேலென்றும் நபியவர்கள் போதித்தார்கள்.

எனினும், வறியோர் மதீனாவை நாடி வந்த பஞ்ச ஆண்டொன்றில், குர்பானி இறைச்சியை 3 நாள்களுக்கு மேல் வைத்திருக்கத் தடை விதித்தார்கள். மறு ஆண்டில் அத்தடையை நீக்கினார்கள்.

ஆகவே, வீட்டுத் தேவைக்குச் சேமித்தல் ஆகுமானதே. ஊரார் தவிக்குங்கால் அச்சேமிப்பினின்று பகிர்தல் நம் பொறுப்பு. விலையேற்றத்தை எதிர்நோக்கி உணவைப் பதுக்குதலோ 'இஹ்திகார்' எனும் பாவமாகும்.